சைலன்சர்ல ஓட்டை போட்டா 30 சிசி மிஷின் 50 சிசி ஆயிடுமா?

தோப்புப்பட்டறை:
வாட்ஸ்அப்ல சுத்துற ஒரு ஆடியோவைக் கேட்டு வயிறு எரியுதுங்க. "சின்ன செயின்சா வச்சிருக்கீங்களா, சைலன்சர்ல எட்டு எம்எம் டிரில்லால ரெண்டு ஓட்டை போடுங்க, 30 சிசி மிஷின் 50 சிசி வெட்டு வெட்டும்"னு ஒருத்தர் சொல்லி வச்சிருக்கார். அதைக் கேட்டு ஓட்டை போட்ட மிஷின் ஒண்ணு நேத்து என் பட்டறைக்கு வந்துச்சு. சிலிண்டரைக் கழட்டினா பிஸ்டன்ல எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் மேலருந்து கீழ வரைக்கும் வரிவரியா கீறல், ரிங் பள்ளத்துக்குள்ளயே ஒட்டிக்கிச்சு, பிளக் வெள்ளை வெளேர்னு இருக்குது. மிஷின் வாங்குன காசுல பாதி இப்ப சிலிண்டர் கிட்டுக்குப் போகுது. ஓட்டை போடச் சொன்ன மகராசன் இங்கதான் இருக்கார்னு கேள்வி, வந்து பதில் சொல்லட்டும்.

டெல்டா கார்த்தி:
பேரைச் சொல்லியே கேக்கலாமேண்ணே, எதுக்கு மகராசன் கிகராசன்னுட்டு. ஆடியோ நான் போட்டதுதான். எங்களுக்கு பட்டுக்கோட்டைப் பக்கம், 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப தோப்பு தோப்பா தென்னை சாஞ்சு கிடந்துச்சே அப்பலேருந்து மிஷின் புடிக்கிறேன். என் ஸ்டில் கம்பெனி எம்எஸ் 170 செயின்சால எட்டு எம்எம் ஓட்டை ரெண்டு இருக்கு, மிஷின் ஓடிக்கிட்டுதான் இருக்கு, ஒண்ணும் ஆகல. உங்ககிட்ட வந்தவன் ஆயில் கலக்காம பெட்ரோல் ஊத்திருப்பான், அதுக்கு என் ஓட்டை என்ன பண்ணும்.

தோப்புப்பட்டறை:
ஆயில் இல்லாம சீஸ் ஆன, அதாவது சிலிண்டருக்குள்ள இறுகிப் புடிச்ச பிஸ்டன் எப்படி இருக்கும்னு எனக்குப் பாடம் நடத்துறியா தம்பி? ஆயில் இல்லன்னா சுத்திலும் கீறும், இன்டேக் பக்கமும் சேத்து. லீனா, அதாவது காத்து அதிகமா பெட்ரோல் கம்மியா ஓடுனாத்தான் சூடு அதிகமா இருக்குற எக்ஸாஸ்ட் பக்கம் முதல்ல போகும். இது என்கிட்ட வந்தது லீன் சீஸ். அந்த கார்ப்ல, அதான் கார்புரேட்டர்ல, ஃபுல் ரேஸுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற எச் ஸ்க்ரூவே கிடையாது, ஐடில் ஸ்க்ரூ மட்டுந்தான், பெட்ரோல் வர்ற மெயின் ஜெட் ஃபிக்சட். புகை போற வழியைப் பெருசாக்குனா காத்து கூட வரும், அதுக்கு ஈடா பெட்ரோல் வராது. எட்டு எம்எம் ஓட்டை போடச் சொன்ன நீ, ஜெட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னியா?

டெல்டா கார்த்தி:
நான் என் மிஷின்ல எச் ஸ்க்ரூ இருக்குற கார்ப் மாத்திதான் ஓட்டுறேன். டூன் பண்ணாம ஓட்டச் சொல்லல.

தோப்புப்பட்டறை:
ஓஹோ, கார்ப் மாத்திட்டியா. ஆடியோல அது எங்க இருக்குது? நான் மூணு நிமிஷ ஆடியோவை முழுசாக் கேட்டேன், எட்டு எம்எம், எட்டு எம்எம், எட்டு எம்எம், வேற ஒண்ணுமில்ல.

மெக் பையன்:
நம்பரை மட்டும் பாருங்க. எம்எஸ் 170 30.1 சிசி, 1.2 கிலோவாட். அதே கம்பெனியோட 50 சிசி எம்எஸ் 271 2.6 கிலோவாட். ரெண்டு மடங்குக்கும் மேல. சைலன்சர்ல ஓட்டை போட்டு ரெண்டு மடங்கு பவர் வரும்னா கம்பெனிக்காரன் பைத்தியக்காரனா, அவனே போட்டு வித்திருக்க மாட்டானா?

டெல்டா கார்த்தி:
தம்பி காலேஜ் புக்கை மூடிட்டு வெளிய வாங்க. கம்பெனிக்காரன் சைலன்சரை அடைச்சு வைக்கிறது சத்தத்துக்கும் புகை ரூலுக்கும், வெட்டுக்கு இல்ல. எட்டு எம்எம் ஓட்டை போட்ட மிஷின்ல ஒரு தடவை தென்னைல இறக்கிப் பாத்துட்டு அப்புறம் கிலோவாட் பேசுங்க.

குமரி ரப்பர்:
எங்க ஊர்ல பழைய ரப்பர் தோட்டம் முறிச்சு மாத்தும்போ நாள் பூரா மிஷின் ஓடும். ஒருத்தனும் சைலன்சரைத் தொடமாட்டான். ஆனா ஒரு வெட்டு முடிஞ்சு அடுத்த மரத்துக்குப் போறதுக்குள்ள ரவுண்டு ஃபைலை, அதான் உருட்டு அரத்தை எடுத்து செயின் பல்லுல நாலு இழுப்பு இழுப்பான். உங்க ரெண்டு பேருக்கும் செயினுன்னு ஒரு சாதனம் இருக்குன்னு தெரியுமா ஓய்?

தோப்புப்பட்டறை:
அதைத்தானே சொல்ல வந்தேன், அதுக்குள்ள இந்த எட்டு எம்எம் வந்து நிக்குது. பாருங்க, சின்ன மிஷின்ல வர்றது 3/8 லோ புரொஃபைல் செயின், அதுக்கு 4 எம்எம் ரவுண்டு ஃபைல், 30 டிகிரி. நம்மாளுங்க கடைல கிடைச்ச 4.8ஐ வாங்கித் தேய்ச்சு பல்லோட கொக்கியையே மழுங்கடிச்சிர்றாங்க. அப்புறம் பல்லுக்கு முன்னாடி ஒரு மேடு இருக்குதே, ரேக்கர், அது பல் நுனியை விட 0.65 எம்எம் தாழ்வா இருக்கோணும். பல்லைத் தேய்க்கத் தேய்க்க பல் இறங்கிடும், ரேக்கர் அப்படியே நிக்கும், அப்ப பல்லு எவ்வளவு கூரா இருந்தாலும் மரத்துல இறங்காது. ரேக்கரைத் தட்டை ஃபைல்ல ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வெட்டிப்பாருங்க, தூள் வந்த இடத்துல சீவல் சீவலா வந்து விழும். மொக்கை அருவாளை வச்சிக்கிட்டுக் கைக்குப் பலம் ஏத்துன கதைதான் இந்த ஓட்டை போடுற கதை.

டெல்டா கார்த்தி:
நான் செயின் தீட்ட மாட்டேன்னு எங்க சொன்னேன்? தீட்டுறேன், ரேக்கரும் இறக்குறேன், அதுக்கு மேல ஓட்டையும் போட்டுருக்கேன். மூணும் சேந்தாத்தான் முழு வெட்டு.

தோப்புப்பட்டறை:
அப்ப வெட்டு எதனால வந்துச்சுன்னு உனக்கே தெரியாது. செயினைத் தீட்டிட்டு ஓட்டையால வெட்டுதுங்குற.

சும்மா பாக்குறவன்:
ஒரு சந்தேகம். நல்லா வெட்டுதுன்னா எதை வச்சு சொல்றீங்க? நேரமா, பெட்ரோல் செலவா, கை வலிக்காம இருக்கிறதா? முதல்ல அதைச் சொன்னா மாதிரி...

டெல்டா கார்த்தி:
சத்தத்தைக் கேட்டாலே தெரியும்.

மெக் பையன்:
சத்தம் கூடுனா பவர் கூடுனதா அர்த்தம் இல்ல. 😀 வேகம் வேணும்னா செயினை ஓட்டுற 6 பல் ஸ்ப்ராக்கெட்டை எடுத்துட்டு 7 பல் போடுங்க. 3/8 செயின்ல ஒரு சுத்துக்கு 6 பல்லுன்னா நாலரை இஞ்ச் செயின் போகும், 10,000 ஆர்பிஎம்ல நொடிக்குச் சுமார் 19 மீட்டர். 7 பல்லுன்னா 22 மீட்டர். கணக்கு சிம்பிள்.

தோப்புப்பட்டறை:
கணக்கு சிம்பிள்தான், மரம் சிம்பிள் இல்ல கண்ணு. 1.2 கிலோவாட்டை வச்சிட்டு 7 பல் போட்டா இழுவை குறையும், தென்னையோட வெளி வைரத்துல பாரை, அதான் செயின் சுத்துற பட்டையைக் கொஞ்சம் அழுத்துனாலே கிளட்ச் வழுக்கிப் புகையும். பார் சின்னதா இருந்தா ஓரளவு தாக்குப்பிடிக்கும். இவங்க 14 இஞ்சை எடுத்துட்டு 18 இஞ்ச் பார் போட்டுட்டு, 7 பல்லும் போட்டுட்டு, எட்டு எம்எம் ஓட்டையும் போட்டுட்டு, மிஷின் சரியில்லன்னு கம்பெனியைத் திட்டுவாங்க.

டெல்டா கார்த்தி:
18 இஞ்ச் பார் யாரு போட்டா? சொல்லாததைச் சொன்னதா எழுதாதீங்கண்ணே. போன வருசம் போர்வெல் மோட்டார் காயில் விசயத்துலயும் இப்படித்தான் நான் சொல்லாததை எல்லாம் என் தலைல கட்டுனீங்க, மறக்கல.

தோப்புப்பட்டறை:
அந்த மோட்டார் மூணே மாசத்துல மறுபடியும் எரிஞ்சுச்சா இல்லையா? அதையும் சொல்லீரு.

குமரி ரப்பர்:
ரேக்கர் இறக்குங்கன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதீங்க. ரெண்டு இழுப்புன்னு நீங்க சொன்னா இங்க வாசிக்கிறவன் பத்து இழுப்பு இழுப்பான். ரேக்கர் அளவுக்கு மேல இறங்கினா பல் மரத்தைக் கடிச்சுப் பிடிக்கும், சின்ன எஞ்சின் அப்படியே நின்னுரும், பார் நுனியோட மேல்பாதி மட்டும் மரத்துல பட்டுதோ மிஷின் முகத்துக்கு நேரா எகிறும். கேஜ் தகடு வச்சுப் பாத்து இறக்கச் சொல்லணும்.

தோப்புப்பட்டறை:
0.65னு நான் எழுதுனதைப் படிக்காமலே பாடம் எடுக்கறீங்களே.

குமரி ரப்பர்:
படிச்சேன். ரெண்டு இழுப்புன்னும் எழுதிருக்கீங்க. அதையுந்தான் படிச்சேன்.

மெக் பையன்:
ஒரு விசயம், இப்ப நாம ஓட்டுற செயினே எப்படி வந்துச்சுன்னா, 1946ல அமெரிக்காவுல ஆரகன்ல ஜோ காக்ஸ்னு மரம் வெட்டுறவர் ஒருத்தர், கட்டையைக் குடைஞ்சு தின்னுற வண்டுப் புழுவோட தாடை இடமும் வலமுமா மாறி மாறி வெட்டுறதைப் பாத்துட்டு அதே மாதிரி பல் வச்சு செயின் பண்ணி 1947ல விக்க ஆரம்பிச்சார். எஞ்சினைத் தொடவே இல்ல.

டெல்டா கார்த்தி:
புழுவுக்கு சைலன்சர் இல்ல தம்பி.

பனங்காடு:
எல்லாரும் வெட்டு வெட்டுன்னே பேசுறீங்க. கார்த்தி போட்ட இன்னொரு வீடியோல பனைமரத்தை அறுக்குறார். தமிழ்நாட்டுல பனை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே சொல்லியாச்சு. அனுமதி வாங்கினீங்களா?

டெல்டா கார்த்தி:
அது புயல்ல சாஞ்ச மரம், வெட்டுனது இல்ல, துண்டு போட்டது. சம்பந்தம் இல்லாம வந்து மூக்கை நுழைக்காதீங்க.

பனங்காடு:
சாஞ்ச மரமா நின்ன மரமான்னு வீடியோல தெரியல. எப்ப எடுத்த வீடியோ?

தோப்புப்பட்டறை:
பனைக்குப் போயிட்டாங்க. சரி, நான் விட்ட இடத்துக்கு வர்றேன். எச் ஸ்க்ரூ இருக்குற கார்ப்பே மாட்டுனாலும் டூன் பண்றது காதால. லோடு இல்லாம ஃபுல் ரேஸ் குடுத்தா மிஷின் கொஞ்சம் கரகரன்னு அடைச்ச மாதிரி சத்தம் போடோணும், மரத்துல இறக்குனதும் அந்தக் கரகரப்பு போய் சுத்தமாப் பாடோணும். லோடு இல்லாதப்பவே கீச்சுனு பாடுச்சுன்னா லீன், அன்னிக்கே பிஸ்டன் போச்சு. நம்ம கார்த்தி மாதிரி ஆளுங்க அந்தக் கீச்சு சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் பவர் ஏறிருச்சுன்னு குதிக்கறாங்க. இதுல இப்ப பங்க்ல வர்றது இ20, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குப் பெட்ரோலை விடக் கம்மிக் காத்துப் போதும், அப்ப ஃபிக்சட் ஜெட் மிஷின் ஒண்ணும் பண்ணாமலே லீன் பக்கம் சாஞ்சு நிக்குது. அதுக்கு மேல நீ ஓட்டை வேற போடுற.

மெக் பையன்:
இ20 பாயிண்ட் கரெக்ட். தண்ணி சேந்தா எத்தனால் பிரிஞ்சு அடில தங்கிடும், ஆயில் மேல இருக்கிற பெட்ரோலோட நின்னுடும்.

டெல்டா கார்த்தி:
ஆமா இப்ப இ20 மேல பழியைப் போடுங்க. காலைல ஓட்டைதான் காரணம்னீங்க. ஒண்ணைச் சொல்லுங்க, அந்த பிஸ்டன் போனது இ20ஆலயா ஓட்டையாலயா?

தோப்புப்பட்டறை:
ரெண்டும் சேந்துதான். எட்டு எம்எம் ஓட்டை இல்லாம வந்த மிஷின் எல்லாம் இ20ல ஓடிட்டுத்தானே இருக்குது.

டெல்டா கார்த்தி:
அப்ப என் மிஷின் எப்படி ஓடுது?

தோப்புப்பட்டறை:
நாளைக்கு ஓடாது.

டெல்டா கார்த்தி:
சாபம் வேறயா. பெரிய மனுசன் பேச்சு.

சும்மா பாக்குறவன்:
அண்ணே என்கிட்ட இருக்கறது ஆன்லைன்ல வாங்குன 58 சிசி சைனா மிஷின், 22 இஞ்ச் பார். அதுக்கு 4 எம்எம் ஃபைலா?

குமரி ரப்பர்:
அது .325 செயின், 4.8 ஃபைல் வேணும். ஆயிலும் புக்ல 25:1ன்னு போட்டிருப்பான், லிட்டருக்கு 40 மில்லி. அதைக் குறைக்காத.

தோப்புப்பட்டறை:
நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலா இருந்தா லிட்டருக்கு 25 மில்லி போதும். 40 ஊத்துனா பிளக் கரி புடிச்சு சைலன்சர் அடைச்சுக்கும்.

குமரி ரப்பர்:
பட்டறைக்காரரே இப்பத்தான் ஆயில் பத்தாம சீஸ் ஆகும்னு எழுதினீரு. புக்ல போட்டதைக் குறைக்கச் சொல்லி நீரே சொல்லுதீரு. நல்ல கதை.

தோப்புப்பட்டறை:
நான் எழுதுனது லீன் சீஸ். ஆயில் சீஸ் இல்ல. எத்தனை தடவை சொல்றது?

டெல்டா கார்த்தி:
சைலன்சர் அடைச்சுக்கும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க பாருங்க. அதுக்குத்தான் எட்டு எம்எம் 😂😂

தோப்புப்பட்டறை:
இந்தச் சிரிப்பெல்லாம் வேண்டாம். ஓட்டை போட்ட மிஷின், போடாத மிஷின், ரெண்டுலயும் ஒரே செயின், நான் தீட்டித் தர்றேன், ஒரே தென்னைல பக்கத்துப் பக்கத்துல வெட்டு, ஸ்டாப் வாட்ச் வச்சுப் பாத்துரலாம். பொள்ளாச்சிக்கு வா.

டெல்டா கார்த்தி:
செயினை நீங்க தீட்டுறதா இருந்தா நான் வரல. என் செயினை நான்தான் தீட்டுவேன்.

தோப்புப்பட்டறை:
அப்ப ஒரே செயின்னு எப்படி ஆகும்?

டெல்டா கார்த்தி:
நீங்க பட்டுக்கோட்டைக்கு வாங்க. எங்க தென்னைல பாப்போம். அங்க பொள்ளாச்சி மரம் உங்களுக்குப் பழகுன மரம்.

பனங்காடு:
வீடியோ எப்ப எடுத்ததுன்னு இன்னும் பதில் வரல.

மெக் பையன்:
ஒரே மரத்துலயும் அடியும் நுனியும் ஒரே கெட்டி இருக்காது, அதனால இந்த டெஸ்டே செல்லாது.

தோப்புப்பட்டறை:
உன்னை யாரு கேட்டா?

டெல்டா கார்த்தி:
வர்றதா இருந்தா பஸ் செலவு யாரு, அதை முதல்ல எழுதுங்க.