வீட்டுப் பட்டறைக்கு இண்டெக்சிங் சக்: 24 பொசிஷன் போதுமா, ரோட்டரி டேபிள்தான் வேண்டுமா?

பின்கட்டுப் பட்டறை:
வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் ஒரு நாலரை அடி லேத்தும் ஒரு பெஞ்ச் மில்லிங் மெஷினும் வைத்திருக்கிறேன், ஊர் கோவை. வேலை பெரும்பாலும் பழைய ஸ்கூட்டர், பம்ப் உதிரிகள்: கேஸில் நட் (கழலாமல் இருக்க காட்டர் பின் என்ற ஊசியைச் செருக, மேல் முனையில் ஆறு வெட்டு உள்ள நட்), மூன்று பல் கப்ளிங், புஷ்ஷின் பக்கவாட்டில் ஓட்டை, ஷாஃப்ட் முனையில் சதுரம். இதுவரை வைஸில் பிடித்து, கோணமட்டம் வைத்துத் திருப்பித் திருப்பி ஓட்டிவிட்டேன். இனி முடியாது. ஐந்து அங்குல மூன்று ஜா சக்கோடு (மூன்று தாடையால் ஜாபைப் பிடிப்பது) வரும் இண்டெக்சிங் யூனிட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு லிவரைத் தள்ளினால் பூட்டியிருக்கிற பின் (ஊசி) வெளியே வரும், திருப்பினால் அடுத்த பள்ளத்தில் விழும், இன்னொரு லிவர் இறுக்கும். மொத்தம் 24 பள்ளம். மறைப்புத் தட்டு போட்டால் 2, 3, 4, 6, 8, 12 என்று வேண்டிய இடத்தில் மட்டும் நிற்கும். படுக்க வைத்தும் நிமிர்த்தியும் பிடிக்கலாம். கொஞ்சம் கூடப் போட்டால் கைப்பிடியைச் சுற்றி எந்தக் கோணத்துக்கும் திருப்பக்கூடிய ஆறு அங்குல ரோட்டரி டேபிளே வந்துவிடும் என்கிறார் கடைக்காரர். எதை எடுக்கலாம்?

கணபதி ஷெட்:
ரோட்டரி டேபிளை எடுங்க தம்பி. 24 பொசிஷன் என்றால் 15 டிகிரியின் மடங்கு மட்டும்தான். நாளைக்கு ஒருத்தர் அஞ்சு போல்ட் ஃபிளேஞ்சைக் கொண்டுவந்து நீட்டுவார். 72 டிகிரி அதில் வராது. 90க்கு 1 டேபிளில் (கைப்பிடி 90 சுற்று, டேபிள் ஒரு சுற்று) கைப்பிடி ஒரு சுற்றுக்கு 4 டிகிரி, 18 சுற்று சுற்றினால் 72, முடிந்தது. வட்டத்தில் ஏழு பிரிவு வேண்டுமா, 12 சுற்றும் ஏழில் ஆறு பங்கும், கைப்பிடியில் 21 ஓட்டை வட்டம் இருக்கிற பிளேட் போட்டால் அந்த ஆறு பங்குக்கு 18 இடைவெளி. அப்புறம் வளைந்த ஸ்லாட். மோட்டார் பிராக்கெட்டில் பெல்ட் இறுக்குவதற்கு வெட்டுவார்களே, அதை 24 பள்ளத்தை வைத்துக்கொண்டு எப்படி வெட்டுவீங்க? கட்டர் ஓடும்போதே ஜாபைத் திருப்பத் தெரிந்தது டேபிள் மட்டும்தான்.

மைக்ரான்:
இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. மெஷினில் டிஆர்ஓ (மேஜை நகர்ந்த தூரத்தை எண்ணில் காட்டும் கருவி) இருக்கிறதா? இருந்தால் பிசிடி ஓட்டைக்கு (ஒரு வட்டத்தின் மேல் சம இடைவெளியில் வரும் ஓட்டைகள்) எதையும் திருப்ப வேண்டியதே இல்லை. 60 மி.மீ. பிசிடி, ஆறு ஓட்டை என்றால் மையத்திலிருந்து முதல் ஓட்டை 30, 0. அடுத்தது 15, 25.98. இப்படியே ஆறையும் அதுவே போட்டுக் கொடுக்கும். அஞ்சு, ஏழு, பதினொன்று, எல்லாம் ஒன்றுதான். அறுகோணம், சதுரம் வெட்ட 5சி காலெட் பிளாக் (ஜாபைச் சுற்றி இறுக்கும் காலெட்டை மாட்டுகிற கட்டை) இரண்டு, ஆறு பக்கம் ஒன்று, நாலு பக்கம் ஒன்று. வைஸில் வைத்து, ஸ்டாப்பில் முட்டவிட்டு, புரட்டிப் புரட்டி வெட்டுங்கள். மிச்சக் காசில் நல்ல வைஸ் வாங்கலாம்.

பின்கட்டுப் பட்டறை:
டிஆர்ஓ இருக்கிறது சார், அந்த வேலைக்கு ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் 5சி காலெட்டில் 28 மி.மீ. சொச்சத்துக்கு மேல் போகாதே. என் கப்ளிங் 65 மி.மீ. புஷ்ஷின் பக்கவாட்டு ஓட்டைக்கும் பிசிடி கணக்கு உதவாது, ஜாப் திரும்பியே ஆக வேண்டும்.

மைக்ரான்:
சரி, 65 மி.மீ.க்கு சக் வேண்டும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணபதி அண்ணா சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். டேபிள், அதன் மேல் சக்கை மாட்டும் பேக் பிளேட், அதன் மேல் சக். மூன்றும் சேர்ந்தால் உயரம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். பெஞ்ச் மெஷினில் ஸ்பிண்டில் மூக்கிலிருந்து மேஜை வரை இருக்கிற இடமே கொஞ்சம். அதற்கு மேல் ட்ரில் சக்கும் ட்ரில்லும் மாட்ட வேண்டும். வாங்கி வைத்துவிட்டு ஜாபை உள்ளே நுழைக்க முடியாமல் நிற்பீர்கள்.

பல்சக்கரம்:
நான் 24 பொசிஷன் பக்கம். ஒரு ஜாப் செய்கிறவருக்கு டேபிள் சரி, கணபதி அண்ணா சொல்வதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இவர் கேஸில் நட் போடுகிறார். ஒன்று போட மாட்டார், கடைக்காரர் கேட்டால் நாற்பது ஐம்பது போடுவார். நட்டின் குறுக்கே கட்டரை முழுசாக ஓட்டினால் மூன்று ஓட்டத்தில் ஆறு வெட்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 60 டிகிரி, 90க்கு 1 டேபிளில் அது 15 சுற்று. ஐம்பது நட்டுக்குச் சுற்றிப் பாருங்கள், நடுவில் ஒரு ஃபோன் வந்தால் பதினாலா பதினைந்தா என்று தெரியாது. லாக்கை எடுத்து, சுற்றி, பேக்லாஷுக்காக (பற்களுக்கு நடுவே இருக்கும் தளர்வு) ஒரே பக்கமிருந்து வந்து, திரும்ப லாக் செய்து... லிவர் யூனிட்டில் இதெல்லாம் ஒரு தள்ளல். ஓட்டை பிளேட்டில் புதிதாக வேலை செய்கிறவர்கள் தடுமாறுவதும் எண்ணுகிற இடத்தில்தான். 18 இடைவெளி என்றால் பின் நிற்கிற ஓட்டையைச் சேர்த்து 19 ஓட்டை வரும். அதை விட்டு எண்ணினால் கடைசிப் பல் ஒல்லியாகவோ தடியாகவோ நிற்கும்.

கணபதி ஷெட்:
எண்ணத்தான் ஓட்டை பிளேட்டின் மேல் இடைவெளியைக் குறித்து வைக்கும் செக்டர் கை இருக்கிறதே. ஐம்பது நட்டுக்குக் கணக்கு சொன்னீங்க, நியாயம். ஆனால் சென்டர்? கேஸில் நட்டில் வெட்டு சரியாக மையத்தில் போகவில்லை என்றால் எதிரெதிர் வெட்டு இரண்டும் ஒரு பக்கம் தள்ளி நிற்கும், காட்டர் பின் போல்ட்டின் ஓட்டைக்கு நேராக வராது. யூனிட்டோடு பொருத்தி வருகிற மூன்று ஜா சக் மையம் விலகி 0.05, 0.08 மி.மீ. ஓடினால் நீங்க என்ன செய்வீங்க? டேபிளில் என்றால் நான் பேக் பிளேட் போல்ட்டை அரை இறுக்கத்தில் விடுவேன். கிரைண்டிங் செய்த உருளைக் கம்பி ஒன்றை ஜாவில் பிடித்து, டயல் கேஜ் முள்ளை அதன் மேல் வைத்து, டேபிளைச் சுற்றி, அதிகம் காட்டுகிற இடத்தில் சக்கின் உடம்பில் ரப்பர் சுத்தியால் லேசாக ஒரு தட்டு. திரும்பச் சுற்று, திரும்பத் தட்டு. முள் அசையாமல் நிற்கிற வரைக்கும் தட்டிவிட்டு அப்புறம் போல்ட்டை இறுக்கு. இந்த வசதி முக்கியம்.

பல்சக்கரம்:
அது அந்த விட்டத்துக்கு மட்டும்தான் அண்ணா. மூன்று ஜாவும் சேர்ந்தே நகரும் ஸ்க்ரோல் சக்கில் வேறு விட்டம் பிடித்தால் மையம் விலகுகிற அளவும் மாறிவிடும். லிவர் யூனிட்டுக்கு வழி, ஜாவை, ஜாபின் விட்டத்துக்கே போரிங் செய்த சாஃப்ட் ஜாவாக (கடையக்கூடிய மென்மையான ஜா) மாற்றிக்கொள்வது. ஐம்பது நட்டும் ஒரே விட்டம், பிடித்தால் ஒரே இடத்தில் உட்காரும். கழற்றக்கூடிய மேல் ஜா இருக்கிற சக்கா என்று மட்டும் வாங்கும் முன் பாருங்கள்.

பின்கட்டுப் பட்டறை:
மைக்ரான் சார் சொன்ன உயரத்தைக் கடையில் அளந்துவிட்டு வந்தேன். என் மெஷினில் ஸ்பிண்டில் மூக்குக்கும் மேஜைக்கும் நடுவில் அதிகபட்சம் 280 மி.மீ. ஆறு அங்குல டேபிள், பிளேட், சக் மூன்றும் 155. மிச்சம் 125. ட்ரில் சக்கே நூறு கீழே தொங்குகிறது, அப்புறம் 8 மி.மீ. ட்ரில்லுக்கும் ஜாபுக்கும் இடமே இல்லை. காலெட்டில் ஸ்டப் ட்ரில் (குட்டை ட்ரில்) போட்டாலும் மெல்லிய ஃபிளேஞ்ச்தான் நுழையும். லிவர் யூனிட் படுக்க வைத்தால் 125. காலெட் 60, ஸ்டப் ட்ரில் 45 போனாலும் 50 கிடைக்கிறது. ஐந்து ஓட்டை ஃபிளேஞ்சுக்கு டிஆர்ஓ. அதனால் 24 பொசிஷன் பக்கம் சாய்கிறேன். பழையது ஒன்றும் அதே கடையில் இருக்கிறது.

மைக்ரான்:
உயரம் இடிக்கிறது என்றால் வேறு வழி இல்லை. வாங்குங்கள். கட்டர் ஓடும்போது இறுக்குகிற லிவரைப் போடாமல் பின்னை மட்டும் நம்பாதீர்கள், சாட்டர் (அதிர்வு) வந்தால் அடி முழுக்கப் பின்னுக்கும் பள்ளத்துக்கும்தான் விழும். பழையது தேய்வதே அப்படித்தான்.

கணபதி ஷெட்:
நாலு அங்குல டேபிளும் சின்ன சக்கும் வைத்தால் உயரம் அடங்கும் என்று இப்போதும் சொல்வேன், அந்த வளைந்த ஸ்லாட் என் மனசில் நிற்கிறது. ஆனால் 65 மி.மீ. கப்ளிங்கைச் சின்ன சக்கில் பிடிப்பது சிரமம், அதனால் விடுறேன். பழையதை எடுக்கிறதாக இருந்தால் ஒரு நீளக் கம்பியை ஜாவில் குறுக்காகப் பிடித்து, மையத்திலிருந்து 150 மி.மீ. தள்ளி டயல் கேஜை வைத்து, பின் உள்ளே விழுந்த பிறகு இறுக்காமலே கம்பியை இரண்டு பக்கமும் தள்ளிப் பாருங்க. முள் 0.04 மி.மீ. போனால் ஒரு நிமிடக் கோணம் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஆடுகிறது என்று அர்த்தம், அதுவரை பரவாயில்லை. 0.15, 0.2 என்று போனால் பள்ளம் தேய்ந்துவிட்டது, புதியதையே வாங்குங்க. 24 பள்ளத்திலும் பாருங்க, அறுகோணம் வெட்டியே பழக்கப்பட்ட மெஷினில் ஆறு பள்ளம் மட்டும் தேய்ந்திருக்கும்.