மறு: வெப்ப எச்சரிக்கை உணரி – ஒரு சொல்லா, இரண்டா?

அனைவருக்கும் வணக்கம்.

கனரக இயந்திரப் பராமரிப்புச் சொற்பட்டியலில், டேஷ்போர்டு முள்ளை நகர்த்தும் உணரிக்கும் சிவப்பு விளக்கை எரியவைக்கும் உணரிக்கும் ‘வெப்ப எச்சரிக்கை உணரி’ என்ற ஒரே சொல் போதும் என்று முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

> சூடு கூடினால் தெரிவிக்க வேண்டும். இரண்டு கருவிக்கும் வேலை அதுதானே?

ஓட்டுநருக்கு அப்படித்தான். கழற்றிச் சோதிப்பவருக்கு அவை இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஒன்றின் உள்ளே தெர்மிஸ்டர் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், அதைப் பார்த்து டேஷ்போர்டு முள் நகரும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 20 பாகை செல்சியசில் சுமார் 2,500 ஓம் இருக்கும். 100 பாகையில் 200 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். இன்னொன்று வெறும் சுவிட்ச். ஈருலோகத் தகடு குறிப்பிட்ட சூட்டில் வளைந்து தொடுமுனையை மூடும், சிவப்பு விளக்கு எரியும். அதற்குக் கீழே எந்தச் சூட்டிலும் அது எதுவும் சொல்லாது.

முதலாவதை ‘வெப்ப அளவுணரி’ என்றும் இரண்டாவதை ‘வெப்ப வரம்புணரி’ என்றும் அழைக்கலாம் என்பது என் பரிந்துரை.

பெயர் பிரிந்தால் சோதனையும் பிரியும் என்பதே எனக்கு முக்கியம். அளவுணரியை வெந்நீரில் அமிழ்த்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, மல்டிமீட்டரில் ஓம் எப்படி இறங்குகிறது என்று பார்த்தால் போதும். வரம்புணரிக்கு இது உதவாது. எஞ்சின் குளிர்நீர் வரம்புணரி 105 பாகைக்கு மேல் வேலை செய்யும்படி அமைந்திருந்தால், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 பாகையிலேயே கொதித்து நின்றுவிடும். சுவிட்ச் மூடாது. நல்ல பொருளைப் பழுதென்று தூக்கிப் போடுவதற்கு இதுவே போதும். அதை எண்ணெயில்தான் சூடாக்க வேண்டும். முனை பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. மூடிய பிறகு ஆறவிட்டு, மறுபடி திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கம்பி அறுந்தாலும் இரண்டும் ஒன்றுபோல நடப்பதில்லை. அளவுணரியின் கம்பி அறுந்தால் முள் குளிர்ப்பக்கம் படுத்துவிடும், பார்ப்பவருக்குச் சந்தேகமாவது வரும். சூட்டில் மூடும் வகை வரம்புணரியில் கம்பி அறுந்தால் எந்த அடையாளமும் இல்லை. எஞ்சின் கொதித்தாலும் விளக்கு எரியாது. அதனால் அந்தக் கம்பியை எஞ்சின் உடலில் தொடவைத்து விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது சர்வீஸில் கட்டாயம் இருக்க வேண்டும். (ஒற்றைக் கம்பி வகைகளுக்கு எர்த், அதாவது எஞ்சின் உடலோடான மின் இணைப்பு, மரைவழியாகவே கிடைக்கிறது. டெஃப்லான் நாடாவைத் தடிமனாகச் சுற்றினால் அதுவும் போய்விடலாம்.)

டிரான்ஸ்மிஷனிலும் இதே பிரிவு பொருந்தும். டார்க் கன்வெர்ட்டரிலிருந்து (எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்தும் பகுதி) எண்ணெய் வெளியேறும் குழாயில் வெப்ப உணரியை வைப்பதற்குக் காரணம், சுமையைத் தள்ளும்போது சூடு அங்கேதான் முதலில் ஏறும். அங்கே வரம்பு பொதுவாக எஞ்சின் குளிர்நீருடையதைவிட அதிகம். மரை பொருந்துகிறது என்பதற்காக ஒன்றை மற்றதன் இடத்தில் மாட்டக்கூடாது. எனவே ‘வரம்புணரி’ என்ற சொல்லோடு அதன் வரம்பு எண்ணையும் சேர்த்து எழுதும் வழக்கத்தை நாம் கொண்டுவரலாம்: ‘120 பாகை வரம்புணரி’ என்பதுபோல.

> இலங்கை வழக்கில் சுவிட்ச் என்பது ஆளி. ‘வெப்ப ஆளி’ என்றால் என்ன?

நல்ல சொல்தான். ஆனால் தமிழ்நாட்டில் ‘ஆளி’ என்றதும் தொழிலாளி, பங்காளி என்று ஆட்களே நினைவுக்கு வருவார்கள். தவிர, கையால் போடும் சுவிட்சும் தானாக மூடும் இதுவும் ஒரே பெயருக்குள் போய்விடும். ‘வெப்பங்காட்டி’ வேண்டாம், அது முள்ளுள்ள மீட்டரையே குறிக்கும்.

எண்ணெய் அழுத்தத்துக்கும் இதே இணை அப்படியே பொருந்துகிறது: அழுத்த அளவுணரி, அழுத்த வரம்புணரி.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருக்கிறது. சில வகைகளில் ஒரே உடலுக்குள் இரண்டும் இருக்கும். ஒரு முனை மீட்டருக்கு, மற்றது விளக்குக்கு. இதற்கு ‘இரட்டை உணரி’ என்று வைத்தால் ஒரே வகை இரண்டு இருப்பதாகப் படுமோ என்று தயங்குகிறேன். ‘அளவு–வரம்புணரி’ நீளமாக இருந்தாலும் தெளிவாக இருக்கிறது. பணிமனையில் இருப்பவர்கள் இதைச் சொல்லிப் பார்த்து, நாக்கில் வருகிறதா என்று எழுதுங்கள்.