கர்ணனின் கிரீடம் எங்கே? பழைய படங்களின் புது டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கலாமா?

கல்லடி வாசன்
நேற்று முகநூலில் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "பழைய படத்தின் புது டிஸ்க்கை வாங்குகிறவன் காசை மட்டக்களப்பு வாவியில் போடுகிறவன். எல்லாம் யூடியூப்பில் சும்மா கிடக்கிறது" என்கிறார். அதற்குக் கீழே கைதட்டல் வேறு.

சும்மா கிடப்பது எது என்று நானும் போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் விசிடியில் இருந்து ஏற்றியவை. விசிடியில் ஒரு படம் 352க்கு 288 புள்ளி, மொத்தம் ஒரு லட்சம் சொச்சம். டிவிடியில் 4 லட்சம். புளூரேயில் 20 லட்சத்துக்கு மேல். அந்த ஒரு லட்சம் புள்ளியை 43 அங்குல டீவியில் இழுத்து விரித்தால் சாவித்திரியின் முகத்தில் கண் எது, மூக்கு எது என்று தேட வேண்டியிருக்கிறது. மூலையில் யாரோ ஒரு சனலின் முத்திரை வேறு.

போன மாதம் சென்னையில் இருந்து புதுப்பித்த கர்ணன் டிஸ்க் ஒன்றை வரவழைத்தேன். தபால் கூலியோடு 6500 ரூபா. கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் 1964இல் இயக்குநர் பந்துலு செலவைப் பாராமல் எடுத்த அந்த ஈஸ்ட்மன் கலரை என் அம்மா கண்ணால் பார்த்தா. "சேலைக் கரையின் நூல்கூடத் தெரியுது மகன்" என்றா. அந்த ஒரு சொல்லுக்கு 6500 போதாது. வாங்குவதுதான் சரி. மறுப்பவர்கள் வாருங்கள்.

பழைய ஒப்பரேட்டர்
தம்பி வாசன், ஒரே ஒரு கேள்வி. அந்த டிஸ்க்கில் கர்ணன் தேரில் நிற்கும்போது கிரீடத்தின் உச்சி தெரிகிறதா?

கல்லடி வாசன்
படம் டீவி முழுக்க வருகிறது அண்ணன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இல்லவே இல்லை. அவ்வளவு அழகு.

பழைய ஒப்பரேட்டர்
நான் கேட்டது கிரீடத்தை. நீங்கள் சொல்வது பட்டையை. இரண்டும் ஒன்றல்ல என்றாலும், பட்டை இல்லை என்று சொன்னதிலேயே பதில் வந்துவிட்டது.

1978 நவம்பர் 23 சூறாவளி எங்கள் தியேட்டர் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. மறுபடி தகரம் போட்டுத் திறந்தபோது நான் அங்கே எடுபிடிப் பையன். கர்ணனை அப்போது இரண்டு கிழமை ஓட்டினோம். ரீல் மாற்றுவது, விளக்கின் கார்பன் குச்சியைத் தள்ளுவது, புரொஜெக்டரில் பிலிம் ஓடும் கேட்டைத் துடைப்பது எல்லாம் என் வேலை. அந்தப் பிலிமைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தவன் நான். கிரீடத்தின் உச்சிக்கு மேலே இன்னும் ஒரு விரல் ஆகாயம் இருந்தது.

கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். அந்தக் காலப் படத்தின் சட்டம், அதாவது பிலிமில் ஒரு படக் கட்டம், உயரம் 1 என்றால் அகலம் 1.37. உங்கள் டீவியின் அகலம் 1.78. பட்டை இல்லாமல் டீவி நிரம்ப வேண்டுமென்றால் மேலும் கீழும் சேர்த்து 100இல் 23 பங்கை வெட்ட வேண்டும். சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை அளவுக்கு இழுத்தால் 42 பங்கு போகும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். அதற்கு முந்திய தமிழ்ப் படம் ஒன்று சினிமாஸ்கோப் ஆக உங்கள் வீட்டுக்கு வந்தால், அது வெட்டித்தான் வந்திருக்கிறது. 6500 ரூபா கொடுத்து முக்கால் கர்ணனை வாங்கியிருக்கிறீர்கள்.

சம்மாந்துறைத் தம்பி
முகநூலில் அதை எழுதியவர் என் கூட்டாளி. அவர் சொன்னதில் என்ன பிழை? ஐயா ஒப்பரேட்டரே சொல்லிவிட்டார், காசு கொடுத்தால் முக்கால்தான் என்று. யூடியூப்பில் சும்மா கிடப்பது பழைய கொப்பி, வெட்டாத கொப்பி. அப்போ எது நல்லது, வாசன் மச்சான்?

பழைய ஒப்பரேட்டர்
தம்பி, என் வாயில் உங்கள் சொல்லை வைக்க வேண்டாம். யூடியூப் நல்லது என்று நான் சொல்லவில்லை. போன் திரையில் குருக்ஷேத்திரத்தைப் பார்க்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. அதில் யானையும் எறும்பும் ஒரே அளவு. நான் கேட்பது கிரீடத்தை மட்டும்.

காரைதீவு மலர்
எனக்கு இந்தக் கிரீடக் கணக்கு விளங்கவில்லை. வாங்க வேண்டும் என்பதுதான் என் பக்கம், அதற்கான காரணம் வேறு.

அப்பாவிடம் பழைய வீடியோ கசெட் இரண்டு அலுமாரி நிறைய இருந்தது. 90க்குப் பிறகு கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேட்டரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து ஒழுங்கையில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டுப் படம் போடுவார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி அந்த வீட்டையே கடல் கொண்டுபோனது. கசெட் ஒன்று மட்டும் வேலியில் சிக்கியிருந்தது, நாடாவெல்லாம் மண். அதன் பிறகு ஒவ்வொன்றாக வாங்கி அப்பாவின் அலுமாரியை நான் திரும்ப நிரப்புகிறேன். யூடியூப்பில் இன்றைக்கு இருக்கும் படம் நாளைக்கு உரிமைப் பிரச்சினை என்று காணாமல் போகும். கையில் இருப்பதை யாரும் அப்படி எடுக்க ஏலாது.

சம்மாந்துறைத் தம்பி
கடல் எடுத்ததே, அக்கா.

காரைதீவு மலர்
இதை எழுதக் கை கூசவில்லையா உங்களுக்கு?

சம்மாந்துறைத் தம்பி
குத்திக் காட்ட எழுதவில்லை அக்கா. எங்கள் குடும்பத்திலும் கடல் ஆட்களைக் கொண்டுபோனது. கையில் இருப்பது நிலைக்கும் என்ற பேச்சைத்தான் மறுக்கிறேன். 2022இல் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது உங்கள் அலுமாரி டிஸ்க் எதில் ஓடியது? நான் போனில் இறக்கி வைத்ததை வாப்பாவோடு இருட்டில் இருந்து பார்த்தேன். அதிலும் வேட்டைக்காரன் பார்த்தோம். அதுவும் அதே 1964 பொங்கலுக்கு வந்த படம்தான். அதில் கிரீடம் இல்லை, தொப்பிதான். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை!

கல்லடி வாசன்
வந்துவிட்டது எம்ஜிஆர் பேச்சு. மச்சான், பொங்கலுக்கு இரண்டும் ஒன்றாக வந்ததுதான். ஆனால் 48 வருடம் கழித்து, 2012 மார்ச்சில் புதுப்பித்து மறுபடி தியேட்டரில் போட்டுச் சென்னையில் 100 நாளுக்கு மேல் ஓடியது எது? கர்ணன்.

சம்மாந்துறைத் தம்பி
2014இல் ஆயிரத்தில் ஒருவனும் புதுப்பித்து வந்து 100 நாளைத் தாண்டியது. அதையும் எழுதுங்கள். அதுவும் பந்துலு படம்தான். உங்கள் பந்துலுவே கர்ணனுக்கு அடுத்த வருடம் தலைவரிடம்தான் வந்தார்.

பழைய ஒப்பரேட்டர்
எத்தனை நாள் ஓடியது என்பது இங்கே கேள்வி இல்லை. 100 நாள் ஓடினாலும் கிரீடம் இல்லாமல்தான் ஓடியது. 2012இல் வந்ததும் அகலமாக்கி வந்ததுதானே? உறவினர் ஒருவர் சென்னையில் பார்த்துவிட்டு வந்து, பழைய காலத்தைவிடப் படம் பெரிதாக இருக்கிறது என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். பெரிதாக இல்லை, கிட்டப் போயிருக்கிறது. மேலும் கீழும் வெட்டினால் நடுவில் உள்ளது பெரிதாகத்தானே தெரியும்? அன்றைக்கு ஒளிப்பதிவாளர் வெயிலில் நின்று, தலைக்கு மேல் இவ்வளவு, காலுக்குக் கீழ் இவ்வளவு என்று அளந்து வைத்த சட்டம் அது. அதை ஒரு ஏசி அறையில் இருந்துகொண்டு ஒருவன் தட்டி நகர்த்துகிறான். அதற்குப் புதுப்பித்தல் என்று பெயர். எனக்கு நெஞ்சு எரிகிறது.

தம்பிலுவில் கணக்கன்
முதலில் புதுப்பித்தல் என்றால் என்ன என்று ஒரு முடிவுக்கு வருவோமா? கீறலைத் துடைப்பது ஒன்று, நிறத்தை மீட்பது ஒன்று, அளவை மாற்றுவது ஒன்று. மூன்றையும் ஒரே பெயரில் பேசினால் இது விடியும் வரைக்கும் போகும்.

பழைய ஒப்பரேட்டர்
கிரீடம் தெரிகிறதா இல்லையா என்பதற்கு விளக்க உரை எதற்கு?

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சத்யஜித் ரேயின் அப்பு படங்கள் மூன்றின் மூல நெகட்டிவும் 1993இல் லண்டனில் ஒரு லாப் எரிந்தபோது கருகிப் போயின. கருகியதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, மறுகா இத்தாலியில் பொலொஞ்ஞா லாப்பில் ஊறவைத்து, ஓரத்துத் துளைகளைக் கையால் ஒட்டி மீட்டார்கள். பதேர் பாஞ்சாலியில் 100க்கு 40 பங்கு அந்தக் கருகிய நெகட்டிவில் இருந்தே வந்தது. மிச்சத்தை வேறு நல்ல கொப்பிகளில் இருந்து எடுத்தார்கள். 2015இல் கிரைட்டீரியன் என்ற அமெரிக்க நிறுவனம் டிஸ்க்காக வெளியிட்டது. டீவியில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். ஏனென்றால் சட்டத்தில் கை வைக்கவில்லை. நெருப்பில் போனதையே வெட்டாமல் மீட்கிறார்கள். கர்ணனை வெட்டுகிறார்கள். அந்த அப்பு டிஸ்க் என்றால் கடன் பட்டும் வாங்குவேன்.

தம்பிலுவில் கணக்கன்
வாங்கினாலும் உங்கள் வீட்டில் ஓடாது ஐயா. எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று டிஸ்க்குகளை வலயம் பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள். அந்த அமெரிக்கப் பதிப்பு ஏ வலயம். புளூரேக்கு இலங்கை சி வலயம். டிவிடி என்றால் நமக்கு 5ஆம் வலயம். இங்கே விற்கும் பிளேயரில் போட்டால், இந்த டிஸ்க் உங்கள் வலயத்துக்கு இல்லை என்றுதான் வரும்.

காரைதீவு மலர்
என் பிளேயரில் கனடாவில் இருந்து வந்ததும் ஓடுகிறது.

தம்பிலுவில் கணக்கன்
டிவிடியா, புளூரேயா?

காரைதீவு மலர்
டிஸ்க்.

தம்பிலுவில் கணக்கன்
இதைத்தான் சொல்கிறேன். எது என்று தெரியாமல் எல்லாரும் வாங்கு, வாங்காதே என்கிறீர்கள்.

காரைதீவு மலர்
எனக்கு எது என்று தெரியாது என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்? பெண் எழுதினால் உடனே பாடம் எடுக்க ஒருவர் வந்துவிடுவார். டிவிடி. போதுமா?

சரி, நான் கேட்கிறேன். எல்லாரும் சென்னைப் படங்களுக்காகச் சண்டை பிடிக்கிறீர்கள். நம்முடைய படங்களுக்கு யார் அழுவது? தர்மசேன பத்திராஜ 1977இல் எடுத்த பொன்மணி, 1978இல் வந்த வாடைக்காற்று, இவை நல்ல டிஸ்க்காக உங்கள் யார் வீட்டிலாவது இருக்கிறதா? 1983 ஜூலையில் ஹெந்தல விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது எத்தனை நெகட்டிவ் சாம்பலானது! லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சிங்களப் படம் நிதானயவை 2013இல் புதுப்பித்து வெனிஸ் விழாவில் போட்டார்கள். போடத்தான் வேண்டும், நல்ல படம். நம் இலங்கைத் தமிழ்ப் படம் ஒன்றுக்கு அப்படி ஒரு நாள் வருமா? வந்தால் கிரீடம் வெட்டுப்பட்டிருந்தாலும் நான் வாங்குவேன். அழுதுகொண்டே வாங்குவேன்.

பழைய ஒப்பரேட்டர்
இந்த மனசுதான் தங்கச்சி, வெட்டுகிறவனுக்குத் துணிச்சல் கொடுக்கிறது. வெட்டினாலும் வாங்குவேன் என்றால் அவன் ஏன் வெட்டாமல் தருவான்?

காரைதீவு மலர்
எரிந்துபோன படத்துக்கும் வெட்டுப்பட்ட படத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆளோடு எனக்கு என்ன பேச்சு. நீங்கள் பிலிமைத் தொட்டவர் என்பதால் மற்றவர்களுக்குப் படத்தின் மேல் பாசமே இல்லை என்று ஆகிவிடாது.

கல்லடி வாசன்
மலர் அக்கா சொன்னதுதான். நான் இப்போது டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். கிரீடம் தெரிகிறது. நன்றாகவே தெரிகிறது.

பழைய ஒப்பரேட்டர்
உச்சி?

கல்லடி வாசன்
கிரீடம் தெரிகிறது என்றால் தெரிகிறதுதான்.

பழைய ஒப்பரேட்டர்
உச்சி தெரிகிறதா?

கல்லடி வாசன்
ஒரு காட்சியில் தெரிகிறது. கிட்டத்துக் காட்சியில் கொஞ்சம் மேலே போகிறது. கிட்டத்துக் காட்சியில் எந்தப் படத்திலும் அப்படித்தான். முகத்தைப் பார்க்காமல் கிரீடத்தைப் பார்க்கிறவர் நீங்கள் ஒருவர்தான். "உள்ளத்தில் நல்ல உள்ளம்" ஓடும்போது என் அம்மா கண்ணைத் துடைத்தா, உச்சியை அளக்கவில்லை.

சம்மாந்துறைத் தம்பி
மச்சான், "கொஞ்சம் மேலே போகிறது" என்றால் வெட்டு என்று அர்த்தம். ஒத்துக்கொண்டு விட்டீர்கள். 6500!

கல்லடி வாசன்
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் உங்கள் போனுக்கே போங்கள்.

தம்பிலுவில் கணக்கன்
வாசன் அண்ணன், உங்கள் டீவியின் அமைப்பில் "பெரிதாக்கு" (Zoom) என்று ஒன்று இருக்கும். அது போட்டிருந்தால் டிஸ்க்கில் வெட்டு இல்லாவிட்டாலும் டீவியே வெட்டும். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். டிஸ்க்கின் பிழையா டீவியின் பிழையா என்று அப்போது தெரியும்.

பழைய ஒப்பரேட்டர்
அதெல்லாம் டீவி விற்கிறவன் பேச்சு. டிஸ்க்கில்தான் வெட்டு. பார்க்காமலே சொல்வேன்.

கல்லடி வாசன்
பார்க்காமல் சொல்வது சரியா? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள் அண்ணன். அம்மா ஆட்டுக்கறி சமைப்பா. போட்டுக் காட்டுகிறேன். வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பழைய ஒப்பரேட்டர்
உங்கள் வீட்டுக்கா? 2019இல் சங்க விழாவில் பழைய புரொஜெக்டரைக் கண்காட்சிக்கு வைப்பதாகச் சொல்லி என் ஸ்கோப் லென்ஸை வாங்கிக்கொண்டு போனீர்கள். இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. அது வந்த பிறகு நான் வருகிறேன்.

கல்லடி வாசன்
அதை அடுத்த நாளே சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். அவரிடம் கேளுங்கள்.

பழைய ஒப்பரேட்டர்
கேட்டேன். உங்களிடம் கேட்கச் சொன்னார். லென்ஸ் ஒரு பக்கம் கிடக்கட்டும். கிரீடத்தின் உச்சிக்கு மேலே ஒரு விரல் ஆகாயம் இருந்தது. அது உங்கள் டிஸ்க்கில் இருக்கிறதா?

சம்மாந்துறைத் தம்பி
யூடியூப்பில் இருக்கிறது ஐயா. இப்போதுதான் பார்த்தேன். ஒரு விரல் இல்லை, அரை விரல்.

பழைய ஒப்பரேட்டர்
ஒரு விரல்.