கோஸ்டா ரிகா சம்மர் புரோகிராம்: பாதியில விட்டுட்டுத் திரும்பிடலாமா? அவசரம்!

ஈரசாக்ஸ்: எல்லாருக்கும் வணக்கம். எரேதியாவுல ஒரு குடும்பத்தோட தங்கி ஸ்பானிஷ் படிக்கிறேன். திங்கட்கிழமை சராபிக்கீ பக்கம் ஃபீல்ட் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறாங்க, ட்ராபிகல் எக்காலஜி பகுதி முழுக்க அங்கதான். பிளேஸ்மென்ட் டெஸ்ட் வெறும் டிக் அடிக்கிற மாதிரி இருந்தது, என்னைத் தூக்கி இன்டர்மீடியட்ல போட்டுட்டாங்க. வீட்டு அம்மா பேசறதுல பாதி புரியல, தலையாட்டியே ஓட்டறேன். கடைசியில புராஜெக்ட்டை ஸ்பானிஷ்லயே எல்லார் முன்னாடியும் விளக்கணுமாம். இதுல கூடப் படிக்கிற பொண்ணு ‘தெர்சியோபேலோ’ன்னு ஒரு பாம்பு போட்டோவைக் காட்டி, அங்க இது சகஜம்ங்கிறா. ரெண்டு ராத்திரியா தூக்கம் இல்ல. திரும்பிப் போயிடலாமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

பெர்லின் வாசி: இதுக்கே இப்படியா தங்கச்சி? நான் ஜெர்மனி வந்த புதுசுல வாடகை ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னே தெரியாம கையெழுத்துப் போட்டவன். பிப்ரவரி குளிர், ஹீட்டர் எப்படிப் போடறதுன்னு கேக்கக்கூட வார்த்தை கிடையாது. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து திருகிக் காட்டிட்டுப் போனாங்க. மொழி தானா வரும். விட்டுட்டு மட்டும் வராதீங்க.

கடல்தாண்டி: பாம்பை விடும்மா, அட்டைதான் பிரச்சினை. போர்னியோ காட்டுல எனக்கு சாக்ஸுக்குள்ள ஏறினது சாயங்காலம்தான் தெரிஞ்சது. உப்பும் புகையிலையும் எடுத்துக்கோ.

இலைவெட்டி: கடல்தாண்டி சார், அது ஆசியக் காடு. கோஸ்டா ரிகாவுல தரையில ஊர்ற அட்டைத் தொல்லை கிடையாது. அங்க படுத்தறது கண்ணுக்கே தெரியாத சிகர் பூச்சி. இடுப்பு பெல்ட் ஓரம், சாக்ஸ் விளிம்பு, இந்த இடமாப் பார்த்துக் கடிக்கும், ஒரு வாரம் அரிக்கும். பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிட்டு அதுமேல டீட் பூச்சிவிரட்டி ஸ்ப்ரே அடிச்சாப் போதும். மீதியை அப்புறம் வந்து சொல்றேன்.

வடலி: பிள்ளை, திரும்பிப் போறன் எண்டால் எங்க? ஊருக்கோ, படிக்கிற நாட்டுக்கோ? என்ன பாஸ்போர்ட், என்ன விசா எண்டு ஒண்டும் சொல்லேல்லையே. அதைச் சொல்லாமல் ஆர் என்ன சொன்னாலும் பிரயோசனமில்லை.

டெக்சாஸ் தம்பி: அமெரிக்கான்னா பயமே வேண்டாம். என் எஃப்-1 மாணவர் விசா ஸ்டாம்ப் முடிஞ்ச பிறகுகூட மெக்சிகோ போய்ட்டு ஜம்முனு உள்ள வந்தேன்.

வடலி: தம்பி, அந்தச் சலுகை கனடா, மெக்சிகோ, பக்கத்துத் தீவுகள், இவ்வளவுக்குத்தான். அதுவும் 30 நாளுக்குள்ள திரும்ப வேணும். கோஸ்டா ரிகா அதுக்குள்ள வராது. உங்கட கதையை நம்பி ஆரும் விமானநிலையத்தில நிக்கப்போகினம்.

மழைப்பிடிக்காதவள்: சம்மர் புரோகிராம்னு பேரு வச்சு காசு வாங்கறாங்க, போனா மே முதல் நவம்பர் வரை அங்க மழைக்காலம்! நான் போனப்ப துவைச்ச ஜீன்ஸ் காயவே இல்ல, தோல் பர்ஸ்ல பச்சையாப் பூஞ்சை. வீட்டுக்கு போன் பண்ணினா அப்பா, “எறும்பு எண்ணவா இவ்வளவு கட்டினோம்?”ங்கிறார்.

பெர்லின் வாசி: அதான் கேக்கறேன். காட்டைப் பத்திப் படிக்க காட்டுக்கே போகணுமா? இப்பத்த யுனிவர்சிட்டி எல்லாம் டூர் கம்பெனி ஆயிடுச்சு.

டெக்சாஸ் தம்பி: காலையில அரிசியும் பீன்ஸும், மதியம் அரிசியும் பீன்ஸும். காரமும் கிடையாது.

மழைப்பிடிக்காதவள்: முதல் வாரத்துலயே ஊறுகாயை நான் தங்கியிருந்த வீட்டுக் குட்டிப் பையன் நக்கிப் பார்த்து அழுதுட்டான், அதுக்கும் என்னைத்தான் முறைச்சாங்க.

இலைவெட்டி: ஊறுகாய் பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்கலாம், அந்தப் பொண்ணு திங்கட்கிழமை கிளம்பணும். ஈரசாக்ஸ், வடலி கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. புராஜெக்ட் என்னன்னும் சொல்லுங்க.

ஈரசாக்ஸ்: சாரி, பதட்டத்துல விட்டுட்டேன். இந்தியப் பாஸ்போர்ட், அமெரிக்காவுல எஃப்-1ல டிகிரி படிக்கிறேன். ஸ்டாம்ப் அடுத்த வருஷம் வரை இருக்கு. யுனிவர்சிட்டி குடுத்த ஐ-20 ஃபாரம்ல டிராவல் கையெழுத்து போன வருஷம் ஏப்ரல்ல வாங்கினது. புராஜெக்ட் இலைவெட்டி எறும்பு: பகல்ல எத்தனை இலை தூக்குது, ராத்திரி எத்தனைன்னு. இந்த கிரெடிட் டிகிரிக்கு வேணும்.

வடலி: கையெழுத்து ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், உங்கடது முடிஞ்சுது. நீங்கள் நிண்டாலும் விட்டிட்டுப் போனாலும் இது இல்லாமல் திரும்பிறது சிக்கல். இண்டைக்கே உங்கட யுனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீசுக்கு மெயில் போடுங்கோ. புது ஐ-20ஐக் கையெழுத்தோட மின்னஞ்சலில அனுப்ப அவைக்கு அனுமதி இருக்கு. பிரிண்ட் எடுத்துக் கையில வச்சிருங்கோ.

இலைவெட்டி: கிரெடிட் வேணும்னா விடாதீங்க. ஆனா லெவலை மாத்தக் கேளுங்க. கோஆர்டினேட்டரை நேர்ல பார்த்து, “என்னைப் பேசவச்சு டெஸ்ட் பண்ணுங்க”ன்னு சொல்லுங்க. ஃபீல்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி கேட்டாத்தான் நடக்கும்.

புராஜெக்ட்டை விளக்குற பேச்சுக்கு இலக்கணம் முழுசும் வேண்டாம். கொந்தாமோஸ் எண்ணினோம், மெதிமோஸ் அளந்தோம், எங்கொந்த்ராமோஸ் கண்டுபிடிச்சோம். மூணுமே நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே உருவம், குழப்பமே வராது. “கொந்தாமோஸ் லாஸ் ஓர்மீகாஸ் காதா தியெஸ் மினூத்தோஸ்”: பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை எறும்புகளை எண்ணினோம். உங்க மெத்தட்ஸ் பகுதி கிட்டத்தட்ட முடிஞ்சது. இதை வீட்டு அம்மாகிட்ட தினம் சொல்லிக் காட்டுங்க, தலையாட்டறதைவிட அவங்களுக்கும் இது பிடிக்கும். ஊஸ்தெத், அதாவது ‘நீங்க’, அது ஒண்ணே வச்சுப் பேசுங்க, கோஸ்டா ரிகாவுல நண்பர்களே அப்படித்தான் பேசிக்குவாங்க.

பாம்பு: முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ராத்திரி ஹெட்லேம்ப், பாதையை விட்டு இறங்காதீங்க. பார்க்காம எதையும் பிடிக்காதீங்க, கொடியிலயும் மரத்துலயும் புல்லட் எறும்பு இருக்கும், அது கடிச்சா ஒரு நாள் முழுக்க வலி. பாம்பு கடிச்சுட்டா கட்டவும் கீறவும் வேண்டாம், அசையாம வச்சு 911. அதுக்கான விஷமுறிவு மருந்தை அந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தோட க்ளொதொமீரோ பிகாதோ நிறுவனமே தயாரிக்குது.

மழை: சராபிக்கீயில இருக்கிற லா செல்வா ஆராய்ச்சி நிலையம் பக்கம் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 4 மீட்டர் பெய்யும். லேப்டாப்புக்கு மூடி டைட்டான டப்பா, உள்ள சிலிக்கா ஜெல். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நைலான் பேன்ட். டேட்டாவை பென்சில்ல எழுதுங்க.

ஈரசாக்ஸ்: மெயில் போட்டுட்டேன். கோஆர்டினேட்டர் நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காங்க. பூட்ஸ் எங்க கிடைக்கும்? எனக்குக் கால் பெருசு.

இலைவெட்டி: எரேதியாவுலயே ஃபெர்ரெதெரியான்னு போர்டு போட்ட ஹார்டுவேர் கடை இருக்கும், விவசாயிகள் அங்கதான் வாங்குவாங்க. தடிச்ச சாக்ஸ் போட்டுட்டுப் போட்டுப் பாருங்க. சராபிக்கீ போய்ப் பார்த்துக்கலாம்னு விடாதீங்க, உங்க அளவு இருக்கும்னு உத்தரவாதம் இல்ல.