கசம் பரேடும் தீன் மூர்த்தியும்

அருவங்காடு:
தினமும் வெலிங்டனைத் தாண்டித்தான் குன்னூருக்குப் போறேன். இருந்தும் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் போர் நினைவுச் சின்னத்தைக் கிட்ட நின்னு பார்த்தது அக்கா பையன் பயிற்சி முடிச்சு உறுதிமொழி எடுக்கிற கசம் பரேடுக்குப் போனப்பதான். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம்னு நாலு பாஷையில பெத்தவங்க பையனைத் தேடிக்கிட்டிருந்தாங்க. எல்லாருக்கும் ஒரே கிராப்பு, ஒரே நடை. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு"ன்னு பசங்க ரெஜிமென்ட்டோட போர் முழக்கத்தைக் கத்தினப்ப மச்சான் குரலை வெச்சே கண்டுபிடிச்சுட்டார் (அத்தனை பேர் கத்துனதுல எப்படின்னு கேக்காதீங்க). முடிஞ்சதும் நினைவுச் சின்னத்துக்கு முன்னாடி போட்டோ எடுக்கப் பையனைக் கூட்டிட்டுப் போனார். அக்கா போகல. "இன்னைக்கு அங்க நிக்க வேண்டாம்டா"ன்னு சொல்லிட்டு டீ வாங்கப் போயிருச்சு.

குன்னூர், ஓய்வு பெற்ற சுபேதார்:
அக்கா சொன்னதுல தப்பில்லை, தம்பி. ரங்ரூட்டா, அதாவது புதுசாச் சேர்ந்த சிப்பாயா இருந்தப்ப எங்களுக்கு அது பெருக்கிக் கழுவுற இடம், அவ்வளவுதான். சல்யூட் அடிக்கும்போதும் உஸ்தாத் (பயிற்சி கொடுக்கிறவர்) பார்க்கிறாரேங்கிற பயம்தான். பக்கத்துக் கட்டில் பையன் எல்லையில உயிரை விட்ட பிறகு, லீவுல வந்தா நானும் அந்தப் பக்கம் போகாம சுத்திப் போயிருக்கேன்.

டெல்லியில இருந்தப்ப தீன் மூர்த்தி சௌக்குங்கிற சாலைச் சந்திப்போட மூணு வெண்கல வீரர்களை நிதானமாப் பார்த்திருக்கேன். லெனார்ட் ஜென்னிங்ஸ் செஞ்சது, 1922ல வெச்சது. ஹைதராபாத், மைசூர், ஜோத்பூர் லான்ஸர்ஸுக்கு (ஈட்டி ஏந்தின குதிரைப்படை) ஆளுக்கொரு சிலை. 1918 செப்டம்பர் 23 அன்னைக்கு இப்ப இஸ்ரேல்ல இருக்கிற ஹைஃபாவுல மைசூர், ஜோத்பூர்க்காரங்க மெஷின்கன்னை எதிர்த்து ஈட்டியோட குதிரையில பாய்ஞ்சாங்க. கூடலூர் இறங்கினா மைசூர். நம்ம பக்கத்து வீட்டுப் படை! 2018ல சௌக் பேரையே தீன் மூர்த்தி ஹைஃபான்னு மாத்தினாங்க. எனக்குத் தெரிஞ்ச முகம் எதுவும் இல்லாததால அங்க நிக்க முடிஞ்சது. ஒரே குறை, வெண்கலம் கறுத்துக் கிடந்தது. நாங்களா இருந்தா பெல்ட் பக்கிள் மாதிரி பிராஸோ போட்டு மின்ன வெச்சிருப்போம்.

கூடலூர்:
ஐயா, பிராஸோ மட்டும் வேண்டவே வேண்டாம். வார்ப்புப் பட்டறையில வேலை பார்த்தவன் சொல்றேன். வெண்கலம்னா செம்பும் வெள்ளீயமும். வெட்டவெளியில முதல்ல கறுக்கும், அப்புறம் மழை ஈரத்துல பச்சைக் களிம்பு ஏறும். அது கெட்டியா ஒட்டியிருந்தா உள்ளே இருக்கிறதைக் காக்கும். தேய்ச்சா ஒரு மழை வரைக்கும் மின்னும், பிறகு திட்டுத்திட்டாயிடும். மூக்கு நுனி, நகம், பட்டன் எல்லாம் மழுங்கிப்போகும். நம்ம மலை மாதிரி ஈரம் காயாத இடத்துல சாதா சோப்புத் தண்ணியில கழுவி, வெயில் அடிக்கிற நாளாப் பார்த்து மெழுகு பூசினாப் போதும். வெளிர்பச்சையாப் பொடிப்பொடியா உதிர்ந்தாத்தான் நோய். அப்ப கைதேர்ந்த ஆளைக் கூப்பிடணும்.