மிதித்தால் இழுக்காத ஆக்சியோ: கியர்பொக்ஸை மாற்றத்தான் வேண்டுமா?

கீதா, வெள்ளவத்தை

வணக்கம். அப்பா ஓடிய 2008 டொயோட்டா ஆக்சியோ கார், 1500 சிசி, ஓட்டோ கியர். 160,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. மூன்று வாரமாகப் படுத்துகிறது. காலி வீதியில் பஸ்களுக்குப் பின்னால் ஊரும்போது ஒரு குறையும் தெரியாது. கொட்டாவையில் அதிவேக வீதிக்குள் ஏறும்போதுதான் பிரச்சினை. எவ்வளவு மிதித்தாலும் 60இல் நின்று முனகுகிறது. காலைக் கொஞ்சம் தளர்த்தினால் மெதுவாக ஏறும். போன ஞாயிறு அப்படி நின்றபோது பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தபடி வந்தது. பின் சீற்றில் அம்மா இருந்தார். கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது.

செக் எஞ்சின் லைட் எரியவில்லை. கராஜில் பிளக் நான்கையும் எயார் ஃபில்டரையும் மாற்றினார்கள், பலனில்லை. இப்போது கியர்பொக்ஸ் போய்விட்டது, இறக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு என் மூன்று மாதச் சம்பளம் போகும். இறக்கத்தான் வேண்டுமா?

ரமணன், தெஹிவளை

சைலன்சர் பக்கம் இருக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் அடைத்திருக்கும். என் வானும் இப்படித்தான் இழுக்காமல் நின்றது. வெட்டி எடுத்த பிறகு சரி.

பழைய பாஸ், மருதானை

பிள்ளை, கியர்பொக்ஸுக்கு ஒரு சதமும் கொடுக்க முதல் ஒன்றைப் பாருங்கள். மிதிக்கும்போது ஆர்.பி.எம். என்ன செய்கிறது? உங்களுடையது சி.வி.டி., அதாவது பெல்ட்டால் ஓடும் ஓட்டோ கியர்பொக்ஸ். உள்ளே அந்தப் பெல்ட் வழுக்கினால் எஞ்சின் 4000, 5000 என்று கத்தும், வேகம் மட்டும் கூடாது. எஞ்சினே எழும்பாமல் திணறினால் கியர்பொக்ஸைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

கராஜ் வாசலில் நிறுத்திவைத்து மிதித்துப் பார்த்தால் ஒன்றும் அகப்படாது. சுமை ஏறும்போது மட்டும் வரும் வருத்தம் இது. சில ஆயிரம் ரூபாவுக்கு புளூடூத் ஸ்கானர் கிடைக்கும். அதைக் குத்தி, ஓடும்போது லோங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம் என்ற எண்ணைப் பாருங்கள். எஞ்சின் தானாகப் பெற்றோலை எத்தனை வீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது காட்டும். நீங்கள் ஓடுங்கள், வேறு ஒருவர் ஃபோனைப் பார்த்து எழுதட்டும். பூச்சியத்துக்கு இரு பக்கமும் 10 வரை பயமில்லை. இழுக்கும்போது பிளஸ் பக்கம் ஏறிக்கொண்டே போனால், பெற்றோல் போதவில்லை என்று எஞ்சின் கேட்கிறது. முழுக்க மிதிக்கும்போது பின்பக்க ஒட்சிசன் சென்சரையும் பாருங்கள். 0.8 வோல்ற் அளவில் நிற்க வேண்டும். பூச்சியத்தை ஒட்டி விழுந்தால் அதுவும் பெற்றோல் போதவில்லை என்பதுதான்.

ரமணன் தம்பி, கொன்வேர்ட்டர் அடைபட்டாலும் இழுவை குறையும், மறுக்கவில்லை. ஆனால் அளந்து பார்க்காமல் வெட்ட வேண்டாம். வருடாவருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிற வாகனம். அதோடு அது நல்ல காற்றுக்காக வைத்த சாமான்.

கீதா, வெள்ளவத்தை

ஐயா, தம்பியைப் பக்கத்தில் இருத்தி கஹதுடுவை வரை போய் வந்தேன். முழுக்க மிதித்தும் ஆர்.பி.எம். 3000ஐத் தாண்டத் திணறுகிறது. ட்ரிம் நிறுத்தத்தில் +5, அரைவாசி மிதித்து இழுக்கும்போது +21. பின் சென்சர் முழு மிதியில் 0.1க்கு விழுகிறது. இவ்வளவுக்கும் லைட் ஏன் எரியவில்லை?

பழைய பாஸ், மருதானை

லைட் எரிய ட்ரிம் இன்னும் மேலே போய், அங்கேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பி0171, அதாவது பெற்றோல் போதவில்லை என்ற பிழை எண், பதிவாகும். லைட் இல்லை என்பதற்காகச் சுகம் என்று எடுக்கக் கூடாது.

கியர்பொக்ஸை மறந்துவிடுங்கள். எஞ்சின் பெற்றோல் இல்லாமல் வாடுகிறது. இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, காற்றை அளக்கும் மாஃப் சென்சர் அழுக்காகி, வரும் காற்றைக் குறைத்துச் சொல்கிறது. அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள். கம்பியில் விரலோ துணியோ படக்கூடாது. அதற்கும் மாறாவிட்டால் பெற்றோல் பிரஷர். உங்கள் எஞ்சினுக்கு 44 முதல் 50 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். கேஜ் வைத்திருக்கும் ஆளிடம் போய், ஓடும்போது அளக்கச் சொல்லுங்கள். நிறுத்தத்தில் மட்டும் பார்த்துவிட்டு "சரி" என்றால் விட வேண்டாம்.

கீதா, வெள்ளவத்தை

மாஃப் கழுவியும் மாறவில்லை. பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்கப் போன இடத்தில் கேஜ் உள்ள ஒரு மெக்கானிக் பாஸைக் காட்டினார்கள். நீளக் குழாயில் இணைத்து, கேஜை வைப்பருக்குக் கீழே கண்ணாடிக்கு வெளியே செருகினார். உள்ளே இருந்தபடியே ஊசி தெரிந்தது. நிறுத்தத்தில் 46. களனிப் பாலத்தில் ஏறும்போது மிதிக்க மிதிக்க ஊசி சாய்ந்து 28க்கு வந்தது. அந்த இடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வாரமாக நான் சொன்னது கண்முன் அசைந்தது.

பம்பின் ஃபியூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, பற்றரியின் நெகற்றிவ் கம்பியை எடுத்தார். பின் சீற்றைத் தூக்கினால் வட்ட மூடி. சுற்றியிருந்த மண்ணை வக்யூமால் உறிஞ்சிய பிறகே திறந்தார். பம்பின் அடியில் இருக்கும் வடி கோப்பித்தூள் நிறத்தில் இருந்தது. புதியதைப் பக்கத்தில் வைத்தார், பால் வெள்ளை. விரலால் அழுத்தியபோது பழையதிலிருந்து மண் கசிந்தது. வடி, ஃபில்டர் இரண்டும் மாற்றினோம். பம்ப் நல்லது என்று அதையே போட்டார்.

2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் அப்பா கான்களில் வாங்கிவந்து ஊற்றுவார். அந்த மண்ணாக இருக்கலாம். கான் ஒன்றின் அடியிலும் அதே நிறப் படிவு இருக்கிறது.

பழைய பாஸ், மருதானை

நல்லது பிள்ளை. பெற்றோல் ராங்கின் அடியைத் துடைத்தார்களா? இல்லையென்றால் புது வடியும் சில மாதத்தில் நிறம் மாறும்.

கீதா, வெள்ளவத்தை

துடைத்தார், ஐயா. இரண்டு பழைய துணி முழுக்கச் சேறு. இன்று கொட்டாவையில் ஏறினேன், மிதித்த உடனே 90. ட்ரிம் இழுக்கும்போதும் +4.