கிண்டிப் பூங்கா: புள்ளிமானும் வெளிமானும்

வேளச்சேரிவாசி: வணக்கம். சுமார் 2.7 சதுர கிலோமீட்டரே பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்காவில், புலியோ சிறுத்தையோ இல்லாத நிலையில், புள்ளிமான், வெளிமான் ஆகிய மான்களின் எண்ணிக்கையைக் குறைப்பது முறையா, வாழிடத்தைச் சீர்செய்வது முறையா?

புல்வெளி: முதலில் ஒரு திருத்தம். வெளிமான், ஆண்டுதோறும் கொம்பு உதிர்க்கும் மானன்று. மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த இரலை. பெயருக்கேற்ப அதற்குக் குட்டைப் புல் வளர்ந்த திறந்தவெளி வேண்டும். புதர் மண்டினால், ஆபத்தைத் தொலைவிலேயே கண்டு ஓடித் தப்பும் அதன் வழக்கம் பயனற்றுப் போகிறது. புள்ளிமானோ புல், தழை, உதிர்ந்த கனி என எதையும் உண்டு புதரோரத்திலும் பெருகிவிடும். ஆகவே பூங்காவிலுள்ள போலோ திடல் போன்ற வெளிகளில் புதரை அகற்றுவதே முதல் வேலை. எங்கும் மரம் நடுவது நன்மையே என்னும் எண்ணம் இங்கே பொருந்தாது.

கானகன்: உடன்படுகிறேன். 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் காப்பதால் கொன்று குறைக்க இயலாது. பிடித்து இடம் மாற்றினாலோ, அந்த அதிர்ச்சியிலேயே தசை சிதைந்து புள்ளிமான் இறக்கக்கூடும். பூங்காச் சுவருக்கு வெளியே தெருநாய்களும் நெகிழிக் குப்பையும் வேறு ஆபத்தாக உள்ளன.

வேளச்சேரிவாசி: நன்றி. அப்படியானால் புதர் அகற்றுவதை எந்தப் பருவத்தில் செய்யலாம்?

புல்வெளி: வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு; மழையில் புல் தானே எழும்.